இரண்டு அந்தோணியும் ஒரு தோணியும்

நம் வயதுக்காரர்களே, உங்களில் சிலர் இன்னும் காலையில் குறுக்கெழுத்துப் போடுகிறீர்கள். பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதுகிறீர்கள். நான் பேனாவால் எழுதுகிறேன். பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தித் திருத்தி வந்த திமிர் என்று என் மகள் சொல்கிறாள். திமிர் என்பது சரி. காரணம் தவறு. வேலைக்குப் போவதற்கு வெகு முன்பே, இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், தூத்துக்குடியில் ஒரு கோடை விடுமுறையில் அது வந்தது.

அப்போது படிக்க எதுவும் கிடைக்காது. காகிதத் தட்டுப்பாடு. பத்திரிகைகள் மெலிந்து போயிருந்தன. எங்கள் தெருவில் பத்திரிகை வாங்கியவர் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா ஒருவர்தான். அவர் படித்து முடித்ததும் அது மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போகும். பிறகு மிளகாய் வற்றலைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு செய்தியின் தலை எங்கள் பொட்டலத்தில் இருந்தால் வால் அடுத்த வீட்டுப் பொட்டலத்தில் இருக்கும். நான் இரண்டு வீட்டுக் குசினியிலும் நுழைந்து படிப்பேன். எங்கள் பக்கத்தில் சமையலறைக்குக் குசினி என்றுதான் பெயர். அது போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல் என்று பின்னாளில் தெரிந்தது.

பொட்டலம் தீர்ந்தால் கடற்கரைக்குப் போய்ப் பாய்களைப் படிப்பேன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளின் பாய் கிழிந்தால், மாவுச் சாக்குத் துணியை வைத்து ஒட்டுப் போடுவார்கள். சாக்கில் அச்சடித்த எழுத்து பாதி தையலுக்குள் மடங்கிவிடும். மிச்சம் வெளியே தெரியும். காய்ந்த மீனும் தாரும் சணலும் கலந்த வாடையில் நின்றுகொண்டு, மடங்கிப்போன எழுத்து என்னவாக இருக்கும் என்று ஊகிப்பேன். காற்று வந்து பாய் புடைத்தால் எழுத்தும் வயிறு வைத்தது போலப் புடைக்கும்.

அப்பா அப்படி ஒரு தோணிக்குத் தண்டல். தண்டல் என்றால் எங்கள் கடற்கரையில் தோணியை ஓட்டும் தலைவர். வெளியூர்க்காரர்கள் வரி வசூலிப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே சொல்லுக்குள் இரண்டு ஆட்கள் குடியிருக்கலாம் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தச் சொல்லில்தான்.

அப்பாவின் பெயர் அந்தோணி. எங்கள் தெருவில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு அந்தோணி மேல் விழும். ஆனால் அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. கட்டிய கணவன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று அந்தக் காலத்துப் பெண்கள் நம்பினார்கள். அப்பா 'அவுக'. கோயிலில் இருக்கும் அந்தோணியார், செவ்வாய்தோறும் அவருக்கு விசேஷப் பூசை என்பதால், 'செவ்வாய்க்கிழமைச் சாமி'. மாலையில் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் செபிக்கும்போது அந்தப் பெயர் நெருங்கினால் அம்மாவுக்குத் தவறாமல் இருமல் வரும். 'அந்தத் தோணி' என்று வேகமாகச் சொன்னாலும் 'அந்தோணி' ஆகிவிடுகிறது என்பதால், தோணியையும் விட்டுவிட்டு 'அந்த வள்ளம்' என்பாள்.

அப்பாவுக்கு அது பிடிக்காது. "கொழும்புக்குப் போற தோணியை, மீன் புடிக்கப் போற வள்ளம்ங்காளே இவ. ஏளா, நான் என்ன நண்டு புடிக்கவா போறேன்?" என்பார்.

அம்மா, "வள்ளம்னா முங்கிரவா போவுது?" என்பாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சொல்லைத் தொடாமல் அதைச் சுற்றி நாள் முழுவதும் நடக்கத் தெரியும். செய்தியாசிரியர்களிடம் பார்க்காத திறமை அது. அன்றைக்கு நான் அதைத் திறமை என்று நினைக்கவில்லை. விளையாட்டு என்று நினைத்தேன். நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

அந்தக் கோடையில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். தோழிகளோடு கயிறு தாண்டுவதற்கு ஒரு பாட்டுக் கட்டினேன்:

அந்தோணி ஏறின தோணி எந்தோணி?
அந்தோணி ஏறின தோணி அந்தோணி.
அந்தோணி வந்தாச்சா? அந்தோணி வரலை.
எந்தோணி வந்தது? எந்தோணியும் வரலை.

எந்த அந்தோணி ஆள், எந்த அந்தோணி தோணி என்று சொல்பவர்தான் அடுத்துக் கயிற்றுக்குள் வரலாம். பாட்டு எங்கள் தெருவில் பிறந்து, அடுத்த தெருவுக்குப் போய், மீன் ஏலம் போடும் இடத்தில் நின்ற பெரியவர்கள் வாய் வரைக்கும் போய்விட்டது. நான் எழுதியது முதன்முதலில் பரவியது அப்போதுதான். மறுக்க மாட்டேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

பிறகு கச்சான் காற்று எழும்பியது. மேற்கே இருந்து வீசும் அந்தக் காற்று எழுந்தால் கொழும்புப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் தோணிகள் வீடு திரும்ப வேண்டும். மற்ற தோணிகள் வந்துவிட்டன. அப்பாவின் தோணி வரவில்லை. கொழும்பில் சண்டைச் சோதனைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். குண்டு போட்டுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். யாருக்கும் எதுவும் தெரியாது. தெருவில் கயிறு தாண்டுவது நின்றது. ஆனால் பாட்டு எல்லோர் காதிலும் இருந்தது.

'எந்தோணியும் வரலை' என்ற வரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் பெரியம்மா, அம்மாவின் அக்கா. வந்ததும் என் தாடையைப் பிடித்தாள்.

"நாக்கை நீட்டு."

நீட்டினேன்.

"பாத்தியா," என்று அம்மாவைக் கூப்பிட்டாள். "கருநாக்கு. சொன்னா பலிச்சிரும். நீ புள்ளையவா வளக்க?"

"பெரியம்மா, அது நாவப்பழம்," என்றேன். அந்த வருடத்து முதல் நாவல்பழம் தெருவில் வந்திருந்தது. பனையோலைப் பட்டையில் வாங்கி உப்புத் தொட்டுத் தின்றிருந்தேன்.

"பழம் தின்னா நுனிதான் கருக்கும். உனக்கு அடிநாக்கு வரைக்கும்லா கருத்திருக்கு."

"நான் அடி வரைக்கும் தின்னேன்."

இந்தப் பதில் எனக்கு உதவவில்லை. அம்மா கை ஓங்கினாள். அடிக்கவில்லை. "மிச்ச நாவலை எங்க ஒளிச்சு வச்சிருக்க? எடுத்துட்டு வா," என்றாள்.

எங்கள் பக்கம் 'நாவப்பழம்' என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். கோபத்தில் அம்மா பழத்தை விட்டுவிட்டாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஏனென்றால் நான் உண்மையிலேயே ஒரு நாவலை ஒளித்து வைத்திருந்தேன். அடுத்த வீட்டு மதினி தந்தது. மதினி அந்தத் தை மாதம்தான் கல்யாணமாகி வந்தவள். துணிப் பெட்டியின் அடியில் கதைப் புத்தகம் கொண்டு வந்த மருமகள் என்பது அவள் மாமியாருக்குத் தெரியாது. அட்டை போன புத்தகம். முதல் சில பக்கங்களும் இல்லை. நான் நேரே போய், பழைய பாய்த் துணிச் சுருளுக்குள்ளிருந்து அதை எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா புத்தகத்தைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். "இது என்னது?"

"நாவல்," என்றேன்.

குமாஸ்தா வீட்டு அம்மாள் இந்தக் கதையைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தார்களாம். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. புத்தகம் அரிசிப் பெட்டிக்குள் போனது. பெரியம்மா தீர்ப்புச் சொன்னாள்: படித்துப் படித்துத்தான் இவளுக்கு வாய் நீண்டிருக்கிறது, பள்ளிக்கூடம் திறந்தால் இவள் போக வேண்டாம், வீட்டில் வலை பின்னட்டும். தோணி வரும் வரை வாயைத் திறக்கவே கூடாது. அம்மா சரி என்றாள். எனக்கு அப்பா வர வேண்டும் என்றிருந்தது. பள்ளிக்கூடமும் வேண்டும் என்றிருந்தது. இரண்டையும் ஒரே தோணியில் ஏற்றிவிட்டார்கள்.

பெரியம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதுவது சுலபம். இப்போது அப்படித் தோன்றவில்லை. கடலைக் கேட்க முடியாது, சண்டையைக் கேட்க முடியாது, கொழும்புத் துறைமுகத்தைக் கேட்க முடியாது. கையில் அகப்பட்டது ஒரு சின்னப் பெண்ணின் நாக்குத்தான். அதையாவது அடக்கி வைத்தால் ஏதோ செய்த மாதிரி இருக்கும்.

மௌனமாக இருந்த நாட்களில் எனக்குக் காது கூர்மையானது. பேச முடியாதபோது மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பெரியம்மா 'வரும்' என்று சொல்ல வேண்டிய இடங்களில் 'வரணும்' என்று சொன்னாள். குமாஸ்தா பயந்தால் இங்கிலீஷ் பேசினார். மதினி பேசவே இல்லை. அவள் கணவனும் அதே தோணியில்தான் போயிருந்தான், பாய் கட்டுகிறவனாக. நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவன் பெயரும் அந்தோணி. ஆகவே மதினிக்கும் அந்தச் சொல் வாயில் வரக்கூடாத சொல். மாலைச் செபத்தில் இப்போது இரண்டு இருமல் கேட்டது.

ஒரு நாள் முற்பகலில் தெற்கேயிருந்து உப்பளத்து மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் எங்கள் தெருவுக்குத் தெரிந்தவர், அப்பாவைவிட வயதில் இளையவர். வண்டியை நிறுத்தாமலே, "அந்தோணி வந்துட்டான், சொல்லிருங்க," என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது ஒரு தோணியைத்தான். ஆகவே எல்லோர் காதிலும் தோணிதான் விழுந்தது. "அந்தத் தோணி வந்துட்டு" என்று ஒருத்தி கத்த, தெரு முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள். அம்மா பாதி அரைத்த மசாலாக் கையோடு வாசலில் நின்றாள்.

அவள் ஓடவில்லை. அவளுக்கும் ஏதோ இடறியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எனக்கு இடறியது என்னவென்று தெரியும். தோணி என்றால் 'வந்துட்டு'. அப்பா என்றால் 'வந்துட்டாக'. வண்டிக்காரர் சொன்னது 'வந்துட்டான்'. வாலில் ஒரு சின்ன மாற்றம். அந்த வாலில் எங்கள் வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா திடீரென்று வண்டிக்குப் பின்னால் நடந்தாள். மதினியும் வந்தாள். நானும் போனேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க. யாரு வந்தது? அவுகளா?" என்றாள் அம்மா.

வண்டிக்காரர் மாட்டை இழுத்து நிறுத்தினார். "எவுக?"

"அதான்... அவுக."

"எவுகம்மா?"

அம்மா மதினியைப் பார்த்தாள். மதினி, "இவுகளா, அவுகளா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன கேக்கியன்னே வெளங்கல."

"செவ்வாய்க்கிழமை..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"செவ்வாக்கிழமை என்ன? இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா."

கேட்பதற்கு இப்போது வேடிக்கையாக இருக்கும். நின்று பார்த்தவளுக்கு இல்லை. இரண்டு பெண்களுக்கும் வேண்டியது ஒரே ஒரு பதில். அதற்கான கேள்வியில் அவர்களால் சொல்ல முடியாத சொல் ஒன்று நடுவில் கிடந்தது. அம்மாவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. சொன்னால் அந்தச் சொல்லாலேயே அவர் ஆயுள் போய்விடும் என்று நம்புகிறவள், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க நிற்கிறாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"வந்தது அந்தோணித் தண்டலா, அந்தோணி அண்ணனா?"

வண்டிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏளா, தண்டலைப் போயி வந்துட்டான்னா சொல்லுவேன்? எனக்கு மட்டு மரியாதை தெரியாதா? பாயி கட்டுத பயதான். முத்தையாபுரத்துல பாத்தேன், தெக்கயிருந்து நடந்து வாரான். காலு வீங்கிருக்கு, மெள்ளத்தான் வருவான்."

"தோணி?"

"அதைக் கேக்கலியே தாயி. மாடு நிக்காம இழுத்துட்டு வந்துட்டு."

மதினி அழுதாள். அது சந்தோஷ அழுகைதான், ஆனால் அம்மாவின் முன்னால் அழ வேண்டியிருந்ததால் அதை அடக்கப் பார்த்தாள். அடக்கியதால் இன்னும் சத்தமாக வந்தது. அம்மா மசாலாக் கையை என் தோளில் வைத்தாள். எரிந்தது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

கடற்கரைக்குப் போனவர்கள் வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பெரியம்மா மூச்சு வாங்க வந்து, நடந்ததைக் கேட்டு, "இவளை யாரு வாயைத் தொறக்கச் சொன்னது?" என்றாள்.

"இவ தொறக்கலன்னா நானும் உங்க கூட அங்கன நின்னு கும்புட்டுக்கிட்டு இருப்பேன்," என்றாள் அம்மா. அக்காவை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெயில் சாய்வதற்குள் அண்ணன் வந்துவிட்டான். வந்ததும் அவன் பார்த்தது அம்மாவை. "தண்டல் நல்லா இருக்காக, சின்னம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். காற்றுக்கு எதிராகத் தெற்கே தோணியைத் திருப்பி ஓட்டி வந்திருக்கிறார்கள். பாய்மரம் முறிந்துவிட்டது. புன்னைக்காயல் ஆற்று முகத்தில் தோணியை ஒதுக்கி நங்கூரம் போட்டிருக்கிறார்கள். புது மரம் வந்து சேரும் வரை தண்டல் தோணியை விட்டு இறங்க மாட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டாகளா?" என்றாள். அண்ணன், "மீனு கெடக்கு, அரிசிதான் இல்ல," என்றான். அம்மா எழுந்து அரிசிப் பெட்டியைத் திறந்தாள்.

அண்ணனோடு அரிசியும் வற்றலும் மறுநாள் மாட்டுவண்டியில் புன்னைக்காயல் போயின. அரிசி எடுக்கும்போது புத்தகமும் வெளியே வந்தது. அம்மா அதை மறுபடி உள்ளே வைக்கவில்லை. சாயங்காலம் மதினி வந்து உட்கார்ந்தபோது, என் மடியில் போட்டு, "என்னதான் எழுதிருக்கான், படி," என்றாள்.

நாவலின் கதை எனக்கு இப்போது முழுவதும் நினைவில்லை. பட்டணத்தில் ஒரு வக்கீல், அவருக்குப் படித்த மனைவி. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அந்த மனைவி மாடிப்படியில் நின்று கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்தது. அம்மா வலைப் பின்னலை நிறுத்தினாள்.

"பேரைச் சொல்லியா கூப்பிடுதா?"

"ஆமா."

"அவனுக்கு ஒண்ணும் ஆகலையா?"

அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "இல்ல. காப்பி குடிக்கான்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. வலையைத் தரையில் வைத்துவிட்டு, "அந்த எடத்தை இன்னொருக்க படி," என்றாள். படித்தேன். நான் பத்திரிகையில் எத்தனையோ பேருக்காக எழுதியிருக்கிறேன். அப்படிக் கேட்ட ஒரு ஆளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அப்பா புது மரம் போட்ட தோணியோடு வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடம் திறந்து நாளாகியிருந்தது. என் கருநாக்குப் பற்றித் தெருவே அவரிடம் சொல்லியிருந்தது. பாட்டைப் பாடச் சொன்னார். பாடினேன். கடைசி வரியில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தைரியசாலி என்று ஊரே சொன்னவர். நாக்கைக் காட்டச் சொல்லவில்லை. பார்க்கப் பயம் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு அம்மாவிடம், "பள்ளிக்கூடம் வேண்டாம்னு உங்க அக்கா சொல்லுதாளாமே. எனக்கும் அதான் சரின்னு படுது. வீட்டுல இருக்கட்டும்," என்றார்.

மறுநாள் காலை அப்பா துறைமுகத்துக்குப் போனதும் அம்மா எனக்கு இரட்டைச் சடை போட்டு, கையைப் பிடித்துக் கான்வென்டுக்குக் கூட்டிப் போனாள். தலைமை ஆசிரியையான மதர் ஐரோப்பாக்காரர். தமிழை எழுத்து எழுத்தாக உச்சரிப்பார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை, இப்போது ஏன் வந்தாய் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வீட்டுல கேள்வி கேக்க ஒரு ஆளு வேணும், மதர். எனக்குக் கேக்க வரல. இவளுக்கு வருது. அதை நல்லாச் சொல்லிக் குடுங்க."

மதர் மிகவும் மகிழ்ந்துபோனார். வேதபாட வகுப்பில் மனப்பாடம் செய்யும் ஞானோபதேசக் கேள்வி பதிலைத்தான் அம்மா சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட பக்தியுள்ள தாய்மார்கள் குறைவு என்று பக்கத்திலிருந்த சிஸ்டரிடம் சொன்னார். அம்மா திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது, ஏறிப் போனேன்.